கேட்கும் இடமும் வரும் இடமும்

மலையில் புகை தெரிகிறது, ஆகவே மலையில் தீ உண்டு என்ற பழைய உதாரணத்தை முப்பது வருஷ காலம் கரும்பலகையின் முன்னே நின்று மாணவர்களுக்குச் சொல்லி ஜீவனம் நடத்தியவன் நான். அந்த அனுமானத்தில் எனக்கு ஒரு நாளும் ஐயம் எழுந்ததில்லை. எழாததற்குக் காரணம் தர்க்க சாஸ்திரத்தில் எனக்கிருந்த தேர்ச்சி என்று அப்போது எண்ணியிருந்தேன். அந்த மலை என்னுடையதன்று, அங்கே எது எரிந்தாலும் எனக்கு நஷ்டமில்லை என்பதே உண்மையான காரணம் என்பதை, ஓய்வு பெற்ற பிறகு நான் வாங்கிய ஒரு பழைய வண்டிதான் எனக்கு உணர்த்தியது.

இருபது வயதைத் தாண்டிய டீசல் வண்டி அது. ஏணியைப் படுக்கவைத்தாற் போன்ற இரும்புச் சட்டத்தின்மேல், இடையிடையே ரப்பர்க் கட்டைகளை வைத்து, உடற்கூட்டைத் தனியாகப் பூட்டிய பழைய வகை. தயாரித்தவர்கள் வைத்த பெயர் எதுவாயினும் எங்கள் நாமக்கல் பக்கத்தில் அந்த ஜாதி வண்டி அனைத்துக்கும் ஜீப்பு என்பதே வழக்கு. ஓடிய தூரத்தைக் கணக்கிடும் மீட்டர் 2,40,000 கிலோமீட்டரில் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. அத்தனை தூரம் உழைத்த யந்திரத்தில் ரப்பர் இறுகும், கிரீஸ் வற்றும், போல்ட் தளரும். இறுகப் பொருந்தியிருந்த இரண்டு பொருள்களுக்கிடையே மயிரிழை அளவு சந்து விழும். பிறகு அந்தச் சந்து பேசத் தொடங்கும். அது பேசுவதைக் கேட்டு, பேசுவது யார் என்று சொல்வதுதான் அனுமானம். ஆயின் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகிற அந்தப் பாதை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, அதிலே நாம் வழுக்கி விழுவது பாதையின் குற்றமா அல்லது நடப்பவனின் குற்றமா என்ற வினாவுக்கு, புத்தகங்களில் எனக்குக் கிடைத்த விடை வேறு, பட்டறையில் கிடைத்த விடை வேறு.

பட்டறை வாசலில் நின்று ஒரு சத்தத்தை விவரிப்பதைக் காட்டிலும் மனிதனை வெட்கப்படுத்தும் காரியம் அதிகமில்லை. தர்க்கத்தில் பட்டம் பெற்ற ஒருவன், வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக நின்று, உதட்டைக் குவித்துக் கன்னத்தை உப்பவைத்து, நாக்கை அண்ணத்தில் தட்டிக் குதிரைக்காரனைப் போல ஒலியெழுப்பிக் காட்ட வேண்டியிருக்கிறது. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். மெக்கானிக் மட்டும் சிரிப்பதில்லை. "கடகடன்னு வருதுங்களா, லொடலொடன்னு வருதுங்களா?" என்பார், வைத்தியன் நாக்கை நீட்டச் சொல்லும் பாவனையில். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் அது பொருள் தராது என்று தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார். ஒரு கிளவிக்கும் இன்னொரு கிளவிக்கும் நடுவே பல ஆயிரம் ரூபாய் நிற்கும் என்ற இலக்கணத்தை இந்த மனிதர் வைத்திருந்தார். லொடலொட என்றால் எங்கோ பூட்டுத் தளர்ந்திருக்கிறது. கடகட என்றால் தகரத்தைத் தகரம் அடிக்கிறது, பெரும்பாலும் சைலன்சர் குழாயின் சூட்டை மறைக்க வைத்த தகடாக இருக்கும். கீச்கீச் என்றால் வறட்சி. கரகர என்றால் இரும்பு இரும்பைத் தின்கிறது, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போவது நல்லது. சந்தையில் மண்சட்டி வாங்கும் பெண் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதும், விக்கிரகத்துக்குக் கல் தேடும் ஸ்தபதி உளியால் தட்டி ஆண் கல் பெண் கல் என்று பகுப்பதும் இந்தக் கலையின் கிளைகளே. அவர்களெல்லாம் தாங்களே தட்டிக் கேட்கிறார்கள்; வண்டியோ தானாகப் பேசுகிறது, அதுவும் நமக்குச் சௌகரியமில்லாத வேளையில்.

அப்படி ஒரு வேளை கொல்லிமலையில் வாய்த்தது. அறப்பளீஸ்வரர் தரிசனத்துக்காக மனைவியோடும் அவளுடைய தமக்கையோடும் மலையேறிக்கொண்டிருந்தேன். அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நான்காவதோ ஐந்தாவதோ வளைவில், என் காலுக்கடியில், "டொக்" என்று ஓர் அடி விழுந்தது. வலப்பக்கம் திரும்பினால் மௌனம். இடப்பக்கம் திரும்பினால் டொக். காலுக்கடியில் இருப்பது கியர்பெட்டி. ஆகவே கியர்பெட்டி உடைந்துகொண்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். பத்தாவது வளைவுக்குள் அதற்கான செலவைக் கணக்கிட்டு, முப்பதாவது வளைவுக்குள் வண்டியை விற்றுவிட்டு, அதற்கு மேல் இவ்வளவு பழைய வண்டியை வாங்கும்படி யோசனை சொன்ன மைத்துனனோடு மனத்துக்குள் சண்டையிட்டுக்கொண்டு போனேன். ஈசுவரன் சந்நிதியில் நின்றபோதும் என் செவி இடப்பக்க வளைவிலேயே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் மெக்கானிக் சாக்கை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார். படுத்தவர் எதையும் உற்றுப் பார்க்கவில்லை. ஒரு மூட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, "ஆட்டுடா" என்றார். பையன் வண்டியின் மேல் விளிம்பைப் பிடித்து உலுக்கினான். கை அடுத்த மூட்டுக்குப் போயிற்று, மறுபடியும் "ஆட்டுடா". இப்படி முன்னிருந்து பின்னாக ஏழெட்டு இடங்கள். கடைசியில் வலது பின்சக்கரத்தருகே கை நின்றது. ஷாக் அப்சார்பரின் மேல் முனையில் இருந்த ரப்பர் புஷ் பொடிப்பொடியாக உதிர்ந்து, போல்ட் தன் துளைக்குள்ளே இங்குமங்கும் மோதிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கம் சாயும், அப்போது அடிக்கும். அடித்த அடி சட்டத்தின் இரும்பு வழியாக முன்னே ஓடி என் காலடியில் வந்து ஒலிக்கும். "சத்தம் கேக்கற எடம் வேறீங்க சார், வர்ற எடம் வேறீங்க" என்றார், உள்ளங்கையில் கறுப்புப் பொடியைக் காட்டி. புதிய ரப்பருக்கு ஆன விலை ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைதான்.

அவர் சொன்னதை நியாய வைசேஷிகர்கள் வேறு பாஷையில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் ஓசை மூன்று விதம்: முரசும் கோலும் சேர்வதால் பிறப்பது ஒன்று, மூங்கில் பிளவுபடுவதால் பிறப்பது ஒன்று, ஓசையிலிருந்தே ஓசையாகப் பிறப்பது ஒன்று. முதலிற் பிறந்த ஓசை நம் செவிக்கு வருவதேயில்லை. அது தன்னைப் போன்ற இன்னொன்றைப் பெற்றுவிட்டு மறைகிறது; அது மற்றொன்றைப் பெறுகிறது; இவ்வாறு வம்சம் வளர்ந்து, செவியிற் பிறக்கும் கடைசிக் குழந்தையையே நாம் கேட்கிறோம். நீரிலே அலை அலையைத் தள்ளிக்கொண்டு வருவது போல என்று சிலரும், கதம்ப மொட்டு எல்லாத் திசைகளிலும் ஒருங்கே மலர்வது போல என்று வேறு சிலரும் உவமை கூறுவர். இதை எத்தனை முறை பாடம் சொல்லியிருக்கிறேன்! ஆனாலும் மலைப்பாதையில் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பாட்டனின் ஊரைச் சொல்லத் துணிந்துவிட்டேன்.

மெக்கானிக்கின் கை மூட்டு மூட்டாக நகர்ந்ததே, அந்த முறைக்குப் பரிசேஷம் என்று பெயர்: அல்லாதவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சுவதைப் பிடிப்பது. நெடுஞ்சாலையில் ஒரு சத்தம் தொடர்ந்து வந்தால், சற்றே கியரை நியூட்ரலில் விட்டுப் பார்க்க வேண்டும். என்ஜின் வேகம் அடங்கியவுடன் சத்தமும் அடங்கினால் அது என்ஜினைச் சேர்ந்தது, வண்டியின் வேகத்தோடே கூட வந்தால் சக்கரங்களையோ அவற்றைச் சுழற்றும் தண்டையோ சேர்ந்தது. அந்த இரண்டையும் எண்ணிக்கையால் பிரிக்கலாம். என் வண்டியில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தண்டு ஏறக்குறைய நான்கு சுற்றுச் சுற்றிவிடும். ஆகையால் வண்டியை மெல்ல உருட்டி, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு கீச் என்றால் சக்கரத்தருகிலும், நான்கு கீச் என்றால் தண்டின் முனையிலுள்ள கிராஸிலும் தேட வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் ஆகாசம் என்ற ஒரு திரவியம் உண்டு என்பதையே வைசேஷிகர்கள் இந்த வழியில்தான் நிறுவினார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிறிது அச்சமும் தோன்றுகிறது. ஓசை ஒரு குணம். குணம் ஒரு பொருளைப் பற்றியே நிற்கும். அந்தப் பொருள் நிலமன்று, நீரன்று, தீயன்று, காற்றன்று. காலமும் திசையும் ஆன்மாவும் மனமும் அல்ல. ஆகவே ஒன்பது திரவியங்களில் எஞ்சிய ஆகாசமே என்பது வாதம். இன்றைய பௌதிகமோ, நாம் கேட்கும் ஓசை பெரும்பாலும் காற்றின் அதிர்வே என்கிறது. வாதத்தின் கட்டமைப்பில் பழுதில்லை. காற்றை அவசரப்பட்டு விலக்கியதுதான் பழுது. பட்டறையில் பரிசேஷம் தோற்கும் இடமும் இதுவே. "போன மாசந்தானே புதுசு போட்டோம், அது இருக்காது" என்று கை வைத்துப் பாராமலே விலக்கப்பட்டது எதுவோ, இரண்டு நாள் அலைந்த பின்பு அதுவே குற்றவாளியாக வந்து நிற்கும்.

உபாதி என்று ஒரு சங்கதி உண்டு. தீ உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்று சொல்லலாகாது. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை. ஐப்பசி மழையில் காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஃபேன் பெல்ட் தெருவையே எழுப்பும்படி வீறிட்டு, ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடுகிறது. அங்கேயும் இடையில் நின்று வேலை செய்வது ஈரந்தான். ஆயிரம் வருஷத்து உதாரணம் வீட்டு வாசலில் வந்து கூவுவதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன், எதிர்வீட்டுக்காரர் மகிழவில்லை.

அனுமானத்தையே ஒப்புக்கொள்ளாத சார்வாகனுக்கு இந்த இடத்தில் பேச உரிமை உண்டு. எல்லாப் புகையையும் எல்லாத் தீயையும் கண்டவன் எவனுமில்லை; ஆகவே புகை உள்ள இடமெல்லாம் தீ உண்டு என்று சொல்ல ஒருவனுக்கும் அதிகாரமில்லை என்பது அவன் கட்சி. இதற்கு நியாய ஆசிரியரான உதயனர் சொன்ன சமாதானம் எனக்கு எப்போதும் பிடித்தது: சந்தேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு, சந்தேகிப்பவனுடைய சொந்தச் செயலே அவனுக்கு முரணாக நிற்கும் இடமே அந்த எல்லை. புகை வேண்டுபவன் தீ மூட்டத்தானே போகிறான்? பழைய வண்டிக்காரர்களில் சார்வாகர்கள் பலர். "வயசான வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும், எதையும் நிச்சயமாச் சொல்ல முடியாது" என்பார்கள். சொல்லிக்கொண்டே அவர்கள் கை ரேடியோவின் ஒலியைக் கூட்டிவைக்கும். சத்தத்துக்குப் பொருள் இல்லை என்று உண்மையாகவே நம்புகிறவன் அதை மூடுவதற்கு ஏன் பாட்டைத் தேட வேண்டும்? நானும் இரண்டு மாத காலம் அந்தக் கட்சியில் இருந்திருக்கிறேன்.

அந்த இரண்டு மாதத்துக் கதை வேறு விதம். சென்னையிலிருந்து வந்த என் தங்கையை ரயிலடியிலிருந்து அழைத்து வந்தேன். வண்டி வேகம் எடுத்ததும், "என்ன அண்ணா, ஏரோப்ளேன்ல போற மாதிரி ஒரே ஊங்காரமா இருக்கு?" என்றாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் சொன்ன பிறகும் கேட்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டபோது, அடியிலே "ம்ம்ம்" என்று ஒரு தொடர்ந்த சுருதி இருந்தது; அது என்றிலிருந்து இருந்தது என்பதை என்னால் சொல்ல முடியவில்லை. உள்ள பொருள் புலப்படாமல் போவதற்கு எட்டுக் காரணங்களை ஈசுவரகிருஷ்ணர் சாங்கிய காரிகையில் எண்ணிக் கூறுகிறார். மிகத் தொலைவு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மிக அண்மையும் அவற்றுள் ஒன்று. கண்ணிலிட்ட மையைக் கண் காணாது. மனம் வேறிடத்தில் இருத்தல், வலிய ஒன்றினால் அமுக்கப்படுதல், தன் இனத்தோடு கலந்துவிடுதல் என்பனவும் அந்த எட்டிலேயே அடங்கும். என் விஷயத்தில் இவை நான்கும் சேர்ந்து வேலை செய்தன. டயர் சாலையில் உரசும் ஓசையும் இதே இனந்தான். ஆனால் தார் மாறி சிமெண்ட் வந்தால் டயரின் குரல் மாறும், பேரிங்கின் குரல் மாறாது.

மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கரூர்ச் சாலையில் ஓட்டினேன். ஆளரவமற்ற இடமாகப் பார்த்து, அறுபதில் போகும்போது ஸ்டீரிங்கை மெல்ல வலப்பக்கம் ஒடிக்கச் சொன்னார். ஊங்காரம் ஓங்கியது. இடப்பக்கம் ஒடித்தால் தணிந்தது. வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தின்மேல் ஏறும். ஆகவே இடது முன்சக்கரத்து பேரிங். பட்டறைக்கு வந்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரு கைகளாலும் பற்றி அசைத்தார். அசையக்கூடாத சக்கரம் நெல்லளவு அசைந்தது. பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டு, என் கையை இழுத்து அதைத் தாங்கும் இரும்பின்மேல் வைத்தார். உள்ளே மணலை அரைப்பது போன்ற ஒரு நறநறப்பு உள்ளங்கையில் ஏறிற்று. அதை அப்படியே விட்டிருந்தால் சக்கரம் சூடேறி இறுகியிருக்கலாம், கழன்றும் போயிருக்கலாம்.

இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதுதான் என் வினா எனக்குத் தெளிவாயிற்று. கியர்பெட்டி என்று நான் நடுங்கியது ரப்பர்த் துண்டு. ஒன்றுமில்லை என்று நான் ஓட்டிக்கொண்டிருந்தது உயிர்ப்பலி கேட்கும் பேரிங். இரண்டிலும் ஓசை தன் கடமையைச் சரியாகவே செய்தது. மணிமேகலையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அனுமானத்தின் அங்கங்களைக் கூறி, ஒவ்வொன்றிலும் நேரக்கூடிய போலிகளை 29ஆம் காதையில் நெடுக அடுக்கிச் செல்கிறார். நியாய நூல்களும் ஹேத்வாபாசங்கள் என்னும் போலி ஏதுக்களை எண்ணி வைத்திருக்கின்றன. அந்த ஜாபிதாக்கள் எவற்றிலும் அனுமானிப்பவனுடைய மணிபர்ஸ் இடம்பெறவில்லை. மலைப்பாதையில் அச்சம் என் செவியில் அமர்ந்து சிறியதைப் பெரிதாக்கிற்று. சமவெளியில் செலவு வேண்டாம் என்ற ஆசை அமர்ந்து பெரியதை இல்லையென்றாக்கிற்று. ஏதுவிலே குற்றமில்லை. என்னிலே இருந்தது.

அப்படியானால் பற்றற்றவன் ஒருவனுடைய செவியைத்தான் நம்ப வேண்டும்; அவன் எங்கே கிடைப்பான்? நியாய பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தன் என்பவனுக்கு லட்சணம் கூறும்போது, பொருளை நேரே அறிந்தவனாகவும், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புபவனாகவும் இருக்க வேண்டும் என்கிறார். இவ்வளவோடு நிறுத்தவில்லை, இந்த லட்சணம் ரிஷிகளுக்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் பொது என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். வகுப்பில் அந்த வரியைப் பெருந்தன்மையான ஒரு வாக்கியம் என்று புகழ்ந்துவிட்டுக் கடந்துபோவேன். பேரிங் மாற்றிய அன்று மெக்கானிக்கிடம், "வலது பக்கத்தையும் சேர்த்து மாத்திடலாமா தம்பி? எதுக்கும் இருக்கட்டுமே" என்றேன். அவர் வலது சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றிப் பார்த்தார். "இது நல்லா இருக்குதுங்க. கழட்டிக் கழுவிக் கிரீஸ் வெச்சுத் தர்றேன், அது போதுமுங்க" என்றார். மாற்றியிருந்தால் அவருக்கு வருமானம். நானே கேட்டிருக்க, மறுத்தார். வேறோர் ஊரில் பெரிய பட்டறை ஒன்றில் ஒரு கீச்சொலிக்காக எனக்கு ஒரு முழுப்பக்க ஜாபிதா எழுதித் தந்ததும், அத்தனையும் மாற்றிய பிறகு கீச்சொலி என்னோடேயே வீடு திரும்பியதும் அப்போது நினைவுக்கு வந்தன.

இயற்கையாக எழாமல், சொல்லவேண்டும் என்ற எண்ணத்தோடே வைக்கப்பட்ட ஓசையும் ஒன்று உண்டு. சில வண்டிகளின் டிஸ்க் பிரேக் பேடில் ஒரு சிறிய எஃகு நாக்கைப் பொருத்தி அனுப்புகிறார்கள். பேட் தேயவேண்டிய அளவு தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். அதைக் கேட்டுக் காரணத்தை யூகிக்க வேண்டுவதில்லை. முன்பின் கண்டிராத ஒருவன், எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, பல வருஷங்களுக்குப் பின்னால் ஒருவன் கேட்கப்போகிறான் என்று எழுதிவைத்த வாக்கியம் அது. அதை அனுமானத்தில் சேர்ப்பதா, ஆப்தனின் சொல்லாகிய சப்தப் பிரமாணத்தில் சேர்ப்பதா என்று என் பழைய சகாக்களோடு ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது. நான் சப்தத்தின் கட்சி, காப்பி ஆறிப்போயிற்று.

இப்போது வண்டியில் ஓர் ஓசைதான் பாக்கி. குளிர்ந்த காலை வேளைகளில் முன்பலகையின் இடது மூலையில் "டிக்" என்று, கௌளி சொல்வது போல, இரண்டு மூன்று முறை கேட்கும். பிளாஸ்டிக் குளிரில் சுருங்கிக் கிளிப்போடு உரசுகிறது என்று காதை வைத்துக் கேட்டுச் சொன்ன மெக்கானிக், அதைக் கழற்றப் போனால் நாலு கிளிப் உடையும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன். இன்மையையும் ஓர் அறிபொருளாகக் கொண்டு, அதை அறிவதற்கு அனுபலப்தி என்று தனியே ஒரு பிரமாணத்தை ஏற்ற பாட்ட மீமாம்சகர்களை நான் மாணவர்களிடம் சற்றே பரிகசித்ததுண்டு. சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை மோகனூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல குளிர், மூன்று கிலோமீட்டர் கடந்தும் டிக் என்ற ஓசை வரவில்லை. இன்னும் ஒரு கிலோமீட்டர் பார்த்தேன். பிறகு வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்திவிட்டு, இறங்கிப்போய் இடப்பக்கத்துக் கதவைத் திறந்து முன்பலகையில் காதை வைத்தேன்.